அப்பாவுக்குக் கேட்காத பெல்ட் சத்தம்

ஆம்பூரில் உள்ள ஒரு ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் வேனை அப்பா ஓட்டுகிறார். வண்டி சொந்த வண்டி. மாதனூர்ப் பக்கத்து ஊர்களில் நின்று நின்று ஆளேற்றி, காலை ஷிஃப்டுக்கு கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துவருவார். நானும் அதே கம்பெனியில்தான், தைத்து முடித்த ஷூக்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். தினமும் அப்பாவுக்குப் பக்கத்துச் சீட் எனக்கு.

போன மழைக்காலத்தில் வண்டி கத்த ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் தகரத்தை ஆணியால் கீறுவது போல 'கீ' என்று ஒரு சத்தம். ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டால் இன்னும் ஏறும். கொஞ்ச தூரம் போனபின் அடங்கும். அதுவரை பின்னாலிருக்கும் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

"இன்னாண்ணா இது, காலங்காத்தால பேஜாரா இருக்குது. பெல்ட்ட மாத்துண்ணா."

அப்பா கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். "எங்கமா சத்தம்? வண்டி நல்லாத்தான போவுது."

கிண்டல் செய்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மெக்கானிக்கிடம் போக அலுத்துக்கொண்டு தட்டிக்கழிக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வற்புறுத்தி அவரை பைபாஸ் ஓரத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கிளப்பினேன். அங்கிருக்கும் மெக்கானிக் பாயும் அப்பாவும் நெடுநாள் தோஸ்துகள்.

பாய் இன்ஜினை ஓடவிட்டு, சுற்றிக்கொண்டிருந்த பெல்ட் மேல் பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சத்தம் இன்னும் ஏறியது.

"தண்ணி பட்டா ஜாஸ்தியாவுது பாரு. பெல்ட் லூஸு. புடிக்காம வழுக்குது" என்றார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, கம்பியால் நெம்பி, பெல்ட் விறைப்பானதும் முடுக்கினார். சத்தம் நின்றது. சில நாளில் திரும்ப வந்தது. புது பெல்ட் போட்டார். அதுவும் சில நாள்தான் அமைதியாக ஓடியது.

மறுபடி போனோம். பாய் பானட்டைத் திறந்து, ஆக்சிலேட்டரைக் கொடுக்கச் சொன்னார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்தேன். புது பெல்ட் பழையதைவிட மோசமாக அலறியது. எதிர் டீக்கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா இன்ஜினுக்கு மேல் நன்றாகக் குனிந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, "பாத்தியா பாய், இப்ப நின்னுடுச்சி" என்றார்.

அவர் முகத்தில் சிரிப்பில்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் காலை எடுத்தேன். பாய் உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"அண்ணா, நெஜமாவே உனுக்குக் கேக்கலயா?"

அப்பா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்ஜின் கேக்குது. நீங்க சொல்ற சத்தம் எதுன்னுதான் தெரியல" என்றார். கையில் கறை எதுவும் இல்லை. ஆனாலும் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அம்மா ஒரு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓயும். எடுக்க மனமில்லை என்று நினைத்துக்கொள்வோம். அந்த இடத்தில், அந்தச் சீட்டில் உட்கார்ந்தபடியே எனக்கு எல்லாம் விளங்கியது.

பாய் குனிந்து பெல்ட்டைக் கழற்றினார். ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்து பளபளத்தது. சுற்றிலும் கரித்தூள் போல ரப்பர் பொடி. பெல்ட் ஓடும் சக்கரங்களின் முகத்தில் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆல்டர்னேட்டர் சக்கரம் மட்டும் ஸ்கேலில் ஒட்டாமல் சாய்ந்திருந்தது. அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்குள் இருக்கும் புஷ் என்கிற வளையம் தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிட்டதாம். லைட், வைப்பர் என்று லோடு ஏறும்போதெல்லாம் சக்கரம் கோணிக்கொள்ள, பெல்ட் ஓரத்தில் உரசியிருக்கிறது. எத்தனை முறை முடுக்கினாலும் நிற்காததற்கு அதுதான் காரணம்.

புஷ்ஷை மாற்றி, மறுபடி ஸ்கேல் வைத்துப் பார்த்து, பெல்ட்டை மாட்டினார். ஸ்டார்ட் செய்தேன். லைட்டையும் வைப்பரையும் போட்டேன். இன்ஜின் மட்டும் சீராக ஓடியது.

"இருக்கா?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

"இல்லப்பா."

"நெஜமா?"

"நெஜமாப்பா. சுத்தமா இல்ல."

தலையாட்டினார். புஷ்ஷை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அவருக்கு ஒரே சத்தம்தான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த வாரமே அப்பாவை வேலூரில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்னக் கண்ணாடி அறைக்குள் அப்பாவை உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பட்டுப் பட்டென்று தூக்கினார். பிறகு விரல் தயங்கியது. பிறகு மடியிலேயே கிடந்தது. அவர் கண் மட்டும் என்னிடமிருந்து ஏதாவது ஜாடை வருமா என்று தேடியது. எனக்கும் அங்கே எதுவும் கேட்கவில்லை.

கீச்சென்ற சத்தங்களைக் கேட்கும் நரம்புதான் பழுது, போனது திரும்பாது என்றார் டாக்டரம்மா. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "வண்டி ஓட்டலாங்களா?"

"ஹாரன் கேக்குது உங்களுக்கு. காதுல மிஷின் போட்டுக்கிட்டு ஓட்டுங்க."

இப்போது வண்டியில் ஏறியதும் மிஷினை மாட்டிக்கொள்கிறார். மாட்டியதிலிருந்து முகம் சுளித்தே இருக்கிறது. பின்சீட்டுப் பேச்சு, காற்று, கியர் எல்லாம் சேர்ந்து தலைக்குள் கொட்டுகிறதாம். வீட்டு வாசலில் இறங்கியதும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுகிறார். அம்மா கூப்பிடுவதை விட்டுவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அருகே போய்த் தோளைத் தொடுகிறாள். ஒவ்வொரு முறையும் அப்பா திடுக்கிட்டுத் திரும்புகிறார்.