கணக்கில் வராத லாரிக்காரர்கள்

கண்ணுகளா, உங்கள் அம்மா தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவதைத் தினமும் பார்க்கிறீர்கள். பிரஷர் பார்க்கிற மெஷின், சர்க்கரை பார்க்கிற மெஷின், கொஞ்சம் மாத்திரை, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அந்தப் பையை வைத்து அவள் நம் ஊருக்கு என்ன செய்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. அப்போது நீங்கள் சிறுசுகள். நான் பத்தாவதோடு நின்று லாரி ஓட்டப் போனவன். எனக்கு விளங்கின அளவுக்கு எழுதுகிறேன்.

நம் ஊரில் வாரத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கூடத்தை ஒட்டின கட்டடத்தில் டாக்டரம்மா வந்து உட்காருவார். அந்த முகாமை வேறு ஊருக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. காரணம், அம்மா வீடு வீடாகப் பரிசோதித்து போனில் ஏற்றி அனுப்புகிற கணக்குதான். எந்த ஊரில் நோயாளிகள் அதிகமோ அந்த ஊருக்கே முகாம் என்பது மேலிடத்து யோசனை. அது நியாயமான யோசனைதான். நம் ஊர்க் கணக்கிலோ பெண்களுக்குப் பிரஷர் இருந்தது, ஆண்களில் ஒன்றிரண்டு கிழவர்களுக்குத்தான் என்கிற மாதிரி இருந்தது.

இதைக் கேட்டு ஊரே மார்தட்டிக்கொண்டது. லாரி நடை முடிந்து ஒரு நாள் ஊருக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு டிரைவர் டீக்கடையில் சொன்னார்: "களி தின்னு வளந்த ஒடம்புங்க இது. நமக்கெங்கீங்க பிரஷரு? அதெல்லாம் டயருக்குத்தான்!"

எல்லோரும் சிரித்தோம். வீட்டில் வந்து சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "முகாம் போயிருச்சுன்னா கால் வீங்கின கெழவிங்க ரண்டு பஸ்ஸு மாறி எங்கீங்க போவாங்க? மாத்திரையே வேண்டாமுன்னு ஊட்லயே உக்காந்துக்குவாங்க" என்றாள்.

பிறகு நான் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். நாக்பூரில் லோடு இறக்கக் காத்துக் கிடந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. அன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். டாக்டரம்மா நம் ஊர்க் கணக்கைக் கம்ப்யூட்டரில் படமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். எந்த வயதில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று வயதுக்கு ஒரு கட்டையாக ஒன்றன் மேல் ஒன்று, ஆள் கூடினால் கட்டை நீளும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம்.

"பொம்பளைங்க பக்கம் கட்டையெல்லாம் நீளநீளமா இருக்குதுங்க. ஆம்பளைங்க பக்கம் பெரியவங்க இருக்காங்க, எளவட்டப் பசங்க இருக்காங்க. நடுவால இடுப்பே இல்லீங்க, நடுவயசுக்காரங்க கட்டையவே காணோம்."

"அதுக்கென்ன இப்ப?"

"இந்த வயசு ஆம்பளைங்களுக்கு நோவில்லையா, இல்ல நீங்க ஆளையே பாக்கலையான்னு டாக்டரம்மா கேட்டாங்க. அப்பத்தானுங்க எனக்கு வெளங்குச்சு. நம்ம ஊட்டு ஆளையே நான் பாத்ததில்லீங்களே!"

"இப்ப வேணுமின்னா போன்லயே கையை நீட்டட்டா?"

"நக்கலுக்கு மட்டும் கொறச்சலில்ல."

விஷயம் இதுதான். அவள் வீடு வீடாகப் போகிற நேரத்தில் என்னைப் போன்றவர்கள் ஏதோ ஒரு மாநிலத்து ரோட்டில் இருப்போம். வந்தாலும் ஒரு நாள் தூங்கி எழுந்து அடுத்த நடைக்குக் கிளம்பிவிடுவோம். நோய் இல்லாததால் அந்த இடம் காலியாக இல்லை. பார்க்க ஆள் இல்லாததால் காலியாக இருந்தது.

இவர்கள் எல்லோரும் எப்போது ஊரில் இருப்பார்கள் என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். "மாரியம்மன் நோம்பிக்குங்க. எந்தச் சீமையில இருந்தாலும் வந்துருவாங்க" என்றிருக்கிறாள் அம்மா. நோம்பித் திருவிழா வரைக்கும் பொறுங்கள், அதற்குப் பிறகும் கணக்கு இப்படியே இருந்தால் முகாமை மாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா மேலிடத்தில் அவகாசம் கேட்டு வாங்கினார்.

நோம்பியும் வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். ஒருவரும் வரவில்லை. கோயில் பெரியவர் வந்து, "சாமி, காப்புக் கட்டியாச்சு. இனி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கக் கூடாது. ஊசியோட இங்க நிக்காத கண்ணு" என்று சொல்லிவிட்டார். நம் ஊர் வழக்கம் அது, அம்மாவுக்குத் தெரியாததல்ல. முகாம் போய்விடுமோ என்ற கவலையில் மறந்துவிட்டாள். மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் சோறு கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு திடீரென்று கேட்டாள்: "ஏனுங்க, காப்பு அவுத்த மறுநா லாரியெல்லாம் எங்கிருந்து எடுப்பீங்க?"

காப்பு அவிழ்த்த மறுநாள் ஏரிக்கரை மைதானத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எந்த வண்டியும் நகராது. அந்த மைதானத்து வாசலிலேயே காலையில் மேசை போட்டுவிட்டார்கள். "எலுமிச்சங்கா நசுங்கறதுக்கு முன்னால ஒரு வெரலக் காட்டிட்டுப் போங்கண்ணா!" என்று அம்மா போட்ட சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

வழிகாட்டலாம் என்று முதல் ஆளாக நான் உட்கார்ந்தேன். அம்மா மெஷினைப் பார்த்தாள். மறுபடி ஒரு தடவை காற்றடித்துப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

பக்கத்து வீட்டு டிரைவர் பின்னாலிருந்து, "என்னப்பா, டயர்ல காத்து ஜாஸ்தியா?" என்றார்.

"நீ உக்காரு, பாப்போம்" என்றேன்.

அவருக்கு என்னைவிட அதிகம். அதற்குப் பிறகு கேலி நின்றுவிட்டது. வரிசை நீண்டது. பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தபோது, "அடிங்கண்ணா, அடிங்க, ஒங்க பிரஷருதான் ஏறும்" என்றாள் அம்மா.

அடுத்த கூட்டத்தில் டாக்டரம்மா போட்ட படத்தில் நடுவில் இடுப்பு வந்திருந்தது; நம் ஊர் நோயாளிகள் கணக்கும் ஏறியிருந்தது. முகாமை மாற்றும் பேச்சு அதோடு போயிற்று. லாரிக்காரர்களுக்கு ரெண்டு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கவும் ஏற்பாடு ஆனது. என் மாத்திரை டப்பா வண்டியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அந்தப் படத்தை முகாம் நடக்கிற கட்டடத்துச் சுவரில் இன்னும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். போனால் பாருங்கள். ஆண்கள் பக்கத்தில், நடுவில் நிற்கிற கட்டையில் மயிரிழை அளவு உங்கள் அப்பன். என்னை அங்கே கொண்டுவந்து நிறுத்தினவள் உங்கள் அம்மா. படத்துக்குக் கீழே பெஞ்சில், கால் வீங்கின கிழவிகள் பஸ் ஏறாமல் நடந்தே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.