கொட்டிப் பார்க்காத கார்

வங்காலைக் கரையில் மீனை ஏலம் கூறுவது மில்ரனின் வேலை. அவருக்குச் சொந்தமாகப் படகும் இல்லை, வலையும் இல்லை. படகுகள் வந்து கூடைகள் மணலில் இறங்கியதும் அவர் குரல் எழும்பும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கடைசியில் நிற்கும் வியாபாரிக்கும் அது கேட்கும். அந்தக் குரலை வைத்துத்தான் வீடு கட்டினார், மகள் டினோஜாவைக் கட்டிக் கொடுத்தார்.

அந்தக் கரைக்கு ஒரு முறை உண்டு. கூடையின் மேல்மீனைப் பார்த்துத்தான் விலை கேட்கவேண்டும். விலை முடிவதற்கு முன் கூடைக்குள் கை விடுவது, படகின் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கள்ளன் என்று சொல்வதற்குச் சமம். விலை முடிந்த பிறகு கூடையைக் கொட்டுவார்கள். அடிமீன் பழுதாக இருந்தால் அதற்கேற்ற மாதிரி விலையில் கழித்துக் கொள்வார்கள். எவ்வளவு கழிப்பது என்று சொல்பவரும் மில்ரன்தான். விற்றவரும் வாங்கியவரும் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் அவர் சொன்னதுதான் முடிவு. இரண்டு பேரும் ஒரே அளவு சுளித்தால் கணக்குச் சரி என்று அவர் நினைத்துக்கொள்வார். நியாயத்துக்கு அதைவிட நல்ல அளவுகோல் எவரிடமாவது இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

சென்ற வருடம் அவர் குரல் கம்மத் தொடங்கியது. தொண்டைக்குள் முடிச்சு இருக்கிறது, கத்துவதை நிறுத்தாவிட்டால் பேச்சே இல்லாமல் போகலாம் என்று டொக்ரர் சொல்லிவிட்டார். ஐம்பத்து நான்கு வயதில், கத்தாமல் சாப்பிட ஒரு வழி தேடவேண்டியதாயிற்று.

கலியாணக் கார் வைத்து வாடகைக்கு விடலாம் என்பது அவராக யோசித்துக் கண்டுபிடித்த வழி. கார் ஓட்டுகிறவன் வாயைத் திறக்கவேண்டியதில்லை. வங்காலையில் கலியாணம் என்றால் கார் மன்னாரில் இருந்து வரவேண்டும். வாகனங்களின் நெளிவைத் தட்டி நிமிர்த்தும் யதுசன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். சிவப்பு நிறம், இரண்டு கதவு, நிலத்தோடு படுத்த மாதிரி ஒரு கார்.

"ஸ்போர்ட்ஸ் கார், அண்ணன். மொனராகலைப் பக்கம் ஆலங்கட்டி மழையில மாட்டினது. காப்புறுதிக்காரர் காசைக் குடுத்திட்டுக் காரை எடுத்தவங்கள். இப்ப ஏலத்தில விடுறாங்கள்."

மில்ரனின் மனைவி அன்ரோனெற் எட்டிப் பார்த்தாள். மேல்தகடு முழுவதும் குழி குழியாக இருந்தது.

"ஆலங்கட்டி எண்டா?"

"ஐஸ், அக்கா. மழையோட ஐஸ் கட்டி விழுறது."

"வானத்தில எந்தச் சம்மாட்டி ஐஸ் உடைச்சவராம்?" என்றாள் அவள். "இஞ்சேருங்கோ, இது கலியாணத்துக்கோ இல்லாட்டி அம்மை போட்ட பிள்ளையப் பார்க்கப் போறதுக்கோ?"

மில்ரன் சிரித்தார். சிரிப்பும் பாதியில் கம்மியது. அதைப் பார்த்ததும் அவள் உள்ளே போய் வங்கிப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

ஏல முற்றம் கொழும்புக்கு வெளியே இருந்தது. முன்பக்கம் நசுங்கிய வான்களுக்கும் எரிந்த முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவில் சிவப்புக் கார் நின்றது. காலையில் வந்தவர்கள் அதைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தார்கள். ஒருவன் கீழே படுத்து டோர்ச் அடித்தான். இன்னொருவன் இருக்கையை அமத்திவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தான். மில்ரனுக்கு அது வெட்கம்கெட்ட வேலையாகத் தெரிந்தது. விலை முடியுமுன் கை விடுகிறார்களே! அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, காரின் மேல்பக்கத்தை மட்டும் மரியாதையாகப் பார்த்தார்.

"அண்ணன், நான் ஒருக்கா உள்ள பாத்திட்டு வாறன்," என்றான் கூடப் போன யதுசன்.

"நில். முதல் விலை முடியட்டும். பிறகு கொட்டிப் பாப்பம்."

கரையில் அவர் சொல்லை எவரும் மறுப்பதில்லை. யதுசனும் அந்தக் கரையில் பிறந்தவன். நின்றுவிட்டான்.

ஏலம் கூறியவர் மைக்கில் கூறினார். கேட்பவர் கண்ணைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தத் தெரியாத ஆள் என்று மில்ரன் உடனே கண்டுகொண்டார். இங்கே வாங்குகிறவர்களும் கத்தவில்லை. இலக்கம் எழுதிய அட்டையைத் தூக்கினார்கள். அவருக்கு அது பிடித்துப் போயிற்று. காரை முகர்ந்து பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அட்டையைக் கீழே போட்டார்கள். தான் வெல்வதாக அவர் எண்ணினார். பொருளில் என்ன இருக்கிறது என்பதை விலை சொல்வதில்லை, கேட்டவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பதைத்தான் சொல்கிறது. இது மற்ற எவரையும்விட அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

முடிந்ததும் கந்தோருக்குள் போய், கழிவு பேசுகிற முகத்தோடு கேட்டார்: "இனி உள்ளுக்குப் பாப்பமோ? பழுதிருந்தா எவ்வளவு கழிப்பீங்கள்?"

மேசையில் இருந்த அலுவலர் நல்லவிதமாகத்தான் பேசினார். அவருடைய தமிழில் சிங்களம் கலந்திருந்தது. "ஐயா, கழிக்கிறது இங்க இல்ல. காலையில தானே பாக்க விட்டது? நீங்க பாக்கல்லயா?"

மில்ரன் யதுசனைப் பார்த்தார். யதுசன் நிலத்தைப் பார்த்தான்.

கார் உள்ளே ஊறிப்போயிருந்தது. அவர் தள்ளி நின்ற பக்கத்தில் இருந்து தெரியாத பின்கண்ணாடியை ஆலங்கட்டி உடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு பெய்த மழையெல்லாம் அந்த வழியால் இறங்கியிருக்கிறது. இருக்கைகள் பூஞ்சணம் பிடித்து மணத்தன. கண்ணாடிகள் ஏற மறுத்தன. இயந்திரம் மட்டும் முதல் திருப்பிலேயே சுத்தமாக இயங்கியது. கரைக் கூடையில் மேலே நல்லது, அடியில் பழுது. இதிலோ மேலேயும் பழுது, நடுவிலும் பழுது, அடி நல்லது. அப்படி ஒரு கூடையை அவர் கண்டதில்லை.

மன்னாரில் இருந்து மீன் ஏற்றிப்போன லொறியொன்று வெறுமையாகத் திரும்பியது. அதன்மேல்தான் கார் வங்காலைக்கு வந்தது. இறக்கும்போது பூஞ்சணத்தோடு கருவாட்டு மணமும் சேர்ந்திருந்தது.

ஊர் திரண்டது. கிறேஸ் என்ற அயல்வீட்டுக்காரி உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, ஒருவருக்கும் தோன்றாத ஒன்றைக் கேட்டாள்.

"மில்ரன் அண்ணன், இதில ரெண்டு சீற் தானே?"

"ஓம்."

"ஒண்டில நீங்கள் இருந்து ஓட்டுவீங்கள். மற்றதில பொம்பிளை. அப்ப மாப்பிள்ளை கோயிலால நடந்தோ வாறது?"

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. மில்ரனும் வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். எத்தனை தரம் எண்ணினாலும் மூன்று பேர்தான்.

யதுசன் உள்ளே இருந்து கம்பி கொடுத்து நெளிவுகளைத் தள்ளினான். முன்மூடியில் சில எழும்பின. கூரையில் தள்ளியபோது வர்ணம் வெடித்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். பின்கண்ணாடி புதிதாகப் போட்டார்கள், இருக்கைகளைக் கழற்றி வெயிலில் காயவைத்துத் திரும்பப் பூட்டினார்கள். வாடகைக்குக் கேட்டு ஒருவரும் வரவில்லை. கார் முற்றத்தில் நிற்க, அதன் நிழலில் ஊரில் திரியும் கழுதைகள் படுத்தன.

கைச்செலவுக்கு வேறு வழியில்லாமல் மில்ரன் ஒரு காலை மீண்டும் கரைக்குப் போனார். பாரை மீன் கூடை கூடையாக வந்திருந்தது. மூன்றாவது கூடையில் குரல் அறுந்தது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. வியாபாரிகள் மரியாதைக்காகக் காத்து நின்றார்கள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அன்ரோனெற்றிடம் கையால் காரைக் காட்டி, விற்றுவிடு என்று சைகை செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் காரைக் கரையருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள். முசலியில் இருந்து இன்பாஸ் வந்திருந்தார். கலியாண வீடுகளுக்குக் கதிரையும் பந்தலும் வாடகைக்குக் கொடுப்பவர், மில்ரனிடம் பலமுறை மீன் வாங்கியவர். கூறுவதற்கு ஆள் இல்லை. யதுசனுக்கு மில்ரன் கண்காட்டினார், அவன் பின்வாங்கினான்.

"விடுங்கோ, நான் சொல்லுறன்," என்றாள் அன்ரோனெற். கோயில் பாட்டுக் குழுவில் முன்வரியில் நின்று பழகிய குரல் அது. "எல்லாரும் கேளுங்கோ! விலைக்கு முதல் கொட்டுறன். கூரை குழி, தள்ளினா வர்ணம் வெடிக்கும். கண்ணாடி ஏறாது. சீற் காயப் போட்டது, இன்னும் மணக்கும். பின்கண்ணாடி புதுசு. எஞ்சின் தங்கம். பிறகு வந்து கழி எண்டு ஆரும் கேக்கக்கூடாது!"

"அக்கா, விக்கிறீங்களோ, விரட்டுறீங்களோ?" என்றார் இன்பாஸ்.

"வாங்கிறவன் வாங்குவான். நீங்கள் சும்மா நிண்டு வெயில் காயுறீங்களோ, கேக்கிறீங்களோ?"

கூட்டம் ஆரவாரித்தது. விலை தொடங்கியது. ஒருவர் தயங்கியபோது அவள் அடுத்த தொகையைச் சொல்லாமல், அவர் கண்ணைப் பார்த்தபடி நின்றாள். அந்த நிறுத்தத்தை மில்ரன் கவனித்தார். அதை அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. இத்தனை வருடமாகக் கரைக்குச் சோறு கொண்டுவந்தவள் சோற்றுப் பாத்திரத்தோடு அதையும் பார்த்திருக்கிறாள்.

கார் இன்பாஸுக்கு விழுந்தது. வாங்கிய விலை வரவில்லை. ஆனால் மில்ரன் பயந்த அளவுக்குக் குறையவும் இல்லை.

"ரெண்டு சீற் உங்களுக்குக் காணுமோ?" என்று கிறேஸ் கேட்டாள்.

"எங்கட பக்கம் மாப்பிள்ளை தனிய வந்து இறங்குவார். அவருக்கு ஒண்டு, ஓட்டுறவருக்கு ஒண்டு. குழியெல்லாம் படத்தில மழைத்துளி மாதிரி இருக்கும், பாருங்கோ." இன்பாஸ் கைபேசியில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அதற்காக அந்தக் கார் அழகாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

மறுநாள் விடிய, வாசலில் சம்மாட்டி பெனடிக்ற்றின் சைக்கிள் மணி கேட்டது.

"மில்ரன், படகு வந்திட்டுது."

மில்ரன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"தெரியும். நான் உங்கட மனிசியக் கூப்பிட வந்தனான்."

அன்ரோனெற் அடுப்பில் இருந்த தேத்தண்ணியை இறக்கிவிட்டுப் புருசனைப் பார்த்தாள். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

கரையில் அவள் கூறினாள். விலை முடிந்து கூடை கொட்டியதும் எல்லோரும் மில்ரன் பக்கம் திரும்பினார்கள். அவர் குந்தி இருந்து அடிமீனைப் புரட்டி, செவுளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, கழிக்கவேண்டிய அளவை விரலால் காட்டினார். பெனடிக்ற் முகத்தைச் சுளித்தார். வியாபாரியும் சுளித்தார். அன்ரோனெற் அடுத்த கூடைக்குப் போனாள்.