ஐந்தாம் மாதத்தில் வந்த பல்வலி

ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்க்கப் போனபோது வாய் திறக்கவில்லை. பிரஷ் நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. காதுக்குக் கீழே இடது கன்னம் வீங்கி இறுகியிருந்தது. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

அந்தப் பக்கம் கீழ்வரிசைக் கடைசியில் ஞானப்பல் அரைகுறையாக முளைத்து, அதன்மேல் ஈறு மூடிக் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்பும் வலித்திருக்கிறது. கர்ப்பமான புதிதிலும் வலித்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்ததும் அடங்கிவிடும். இந்த முறை அடங்கவில்லை. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். லீவு சொல்லக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. வீட்டுக்காரர்தான் கடைக்குப் போன் செய்தார்.

மாத்திரை எதையும் நான் தொடவில்லை. அதற்கு முந்தைய வருடம் எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோனது. காரணம் என்று எதையும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் மனம் சமாதானமாகவில்லை. அது கலைந்த வாரம்தான் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தேன். என் மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் மாத்திரை அட்டையைக் கண்டாலே அவர் முகம் மாறிவிடும். நானும் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

"பல்லுவலிதானத்தா, பொறுத்துக்க. பிள்ளையப் பெத்துட்டுப் பிடுங்கிக்கலாம். ஊசி கீசியெல்லாம் இப்ப வேணாம்" என்றார். கிராம்பை நசுக்கி எடுத்துவந்தார். கஞ்சியை வடிகட்டி, உறிஞ்சிக் குடிக்க ஸ்ட்ராவும் போட்டுத் தந்தார். என்மேல் பிரியம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை எச்சில் விழுங்கவே முடியவில்லை. வயிற்றில் கை வைத்தபடி படுத்துக் கிடந்தேன். அசைவு எதுவும் தெரியாதது போலிருந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

"ஏதாச்சும் ஆயிருச்சுன்னா என்னடா பண்ணுவ?" என்று மாமியார் குறுக்கே நின்றார்.

"இப்பவே ஆயிக்கிட்டுத்தானம்மா இருக்கு. ரெண்டு நாளா அவ எதுவும் சாப்பிடல."

முதலில் பிரசவ டாக்டரிடம் போனோம். குழந்தையின் துடிப்பைக் கேட்க வைத்தார். நன்றாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாத்திரையால ஆபத்து இல்ல. சீழை இப்படியே விட்டீங்கன்னா அதுதான் ஆபத்து" என்று கோபமாகச் சொல்லிவிட்டு, பசுமலையில் இருக்கும் பல் டாக்டரிடம் போனில் பேசி அங்கே அனுப்பினார்.

அந்தப் பல் டாக்டரும் ஒரு பெண்தான். என் வயிற்றைக் கனமான அங்கியால் மூடி எக்ஸ்ரே எடுத்தார். பல் படுத்தவாக்கில் கிடந்து பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது.

"எல்லா ஞானப்பல்லையும் எடுக்கணும்னு இல்லம்மா. நேரா முளைச்சா அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகும். இது திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்குது, பக்கத்துப் பல்லையும் கெடுக்குது. வீக்கம் வடிஞ்சதும் எடுத்துருவோம். வயிறு இன்னும் பெருசாயிட்டா இந்த நாற்காலியில படுக்கவே கஷ்டப்படுவீங்க. இன்னொண்ணு, உதட்டுக்குப் போற நரம்பு வேரை ஒட்டியே ஓடுது. உதடு கொஞ்ச நாள் மரத்துப் போகலாம். அபூர்வமா சிலருக்கு அப்படியே நின்னுரும்."

"பிள்ளைக்கு?" என்றேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து, வீக்கம் வடிய அவர் எழுதித் தந்த முதல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அன்று முழுக்க ஒவ்வொரு சின்னச் சுருக்குக்கும் பயந்துகொண்டே இருந்தேன்.

வீக்கம் வடிந்த பிறகு பல்லை எடுத்தார்கள். இடுப்புக்கு ஒரு பக்கம் தலையணை கொடுத்துச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். ஊசி போட்டதால் வலியில்லை. பல்லைத் துண்டு துண்டாக அறுக்கும் சத்தம்தான் மண்டைக்குள் இரைந்தது. அந்தச் சத்தம் உள்ளே பிள்ளைக்கும் கேட்குமோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது வயிற்றில் ஓர் உதை விழுந்தது. என் கண்ணில் நீரைப் பார்த்ததும் டாக்டர் நிறுத்தினார்.

"வலிக்குதா?"

தலையை ஆட்டி மறுத்துவிட்டு வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் கையைக் கீழே இறக்கி, அது அடங்கும்வரை காத்திருந்தார்.

பஞ்சைக் கடித்தபடி வீடு வந்தேன். மாமியார் வாசலிலேயே நின்றார். "அசையுதாத்தா?" என்று கேட்டு என் வயிற்றில் கையை வைத்தார். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

குறித்த காலத்தில் சுகமாகப் பெண் பிறந்தாள். ஆனால் என் கீழுதட்டில் இடது பாதி இன்னும் மரத்தே இருக்கிறது. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் தெரிவதில்லை. காபி சுட்டாலும் தெரிவதில்லை. மெல்லத் திரும்பலாம் என்கிறார் பல் டாக்டர். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொல்கிறார். மகளுக்கு இப்போது என் முகத்தைப் பிடித்து விளையாடும் வயது. அவள் விரல் அந்தப் பக்கம் படும்போது நான் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.