விலகாத காசு

பூதலூர் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அருள்மேரியிடம், ஆதார் நகல் எடுக்க வருகிறவர்களைவிடக் காசு காட்ட வருகிறவர்கள்தான் அதிகம். அச்சுப் பிழையான காசுக்குப் பத்து லட்சம் என்று எந்தப் புண்ணியவானோ வீடியோவில் அளந்துவிட, ஊரே உண்டியலை உடைத்தது. அவள் லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். "அடிபட்ட காசுங்க. போய் டீ குடிச்சிருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். எப்போதாவது நிஜமான பிழை வந்தால் திருச்சி வியாபாரி ஒருவர் அவள் சொல்லை நம்பியே வாங்கிக்கொள்வார். பொய் சொல்லமாட்டாள் என்ற அந்தப் பெயரில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே.

கெட்ட காலம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கணவர் குழந்தைராஜ் குவைத்தில் இருந்தார். அவருடைய தம்பி கிளாட்சன், நாற்பது வயதாகியும் எந்த வேலையிலும் நிலைக்காதவன், ஒரு மஞ்சள் ஐந்து ரூபாயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒரு பக்கம் சிங்கம். மறுபக்கமும் அதே சிங்கம், இடம்வலம் மாறி, குழியாக.

"பஸ்ல மீதி குடுத்தாங்க அண்ணி."

அவளுக்கு நெஞ்சு துள்ளியது. அச்சடித்த காசு வெளியே விழாமல் எந்திரத்திலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசில் இப்படித்தான் பதியும். லென்ஸில் பார்த்ததும் துள்ளல் அடங்கிவிட்டது. குழிந்த சிங்கத்துக்கு அடியில் பழைய எண் நசுங்கிக் கிடந்தது.

"ரெண்டு காச ஒண்ணு மேல ஒண்ணு வச்சு நசுக்கினது தம்பி. நெசமான பிழைன்னா அடியில பழைய எழுத்து இருக்காது."

அடுத்த வாரம் இன்னொன்று கொண்டுவந்தான். பழைய எழுத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள்.

"மேல வச்ச காசு வழுக்கி, சிங்கம் ஓரமா விலகிப் பதிஞ்சிருக்கு பாரு. எந்திரத்துல விலகாது" என்று சொன்ன பிறகுதான் அருள்மேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் சொல்லும் ஒவ்வொரு குறையும் அவனுக்குப் பாடமாகிக்கொண்டிருந்தது. காசின் ஓரம் பிளேடுபோல் மெலிந்திருந்தது. அது ரயில் சக்கரத்தின் வேலை.

"லைனுக்குப் போறியா?"

"வேளாங்கண்ணி மாதா மேல சத்தியமா இல்ல அண்ணி."

மாதாவை இழுத்ததும் அவளுக்கு உறுதியாகிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்புதான். தண்டவாளத்தில் அடுக்கிய காசுகள் வண்டி வரும் அதிர்விலேயே வழுக்கிவிடும். பசை வைத்தால் லென்ஸில் தெரியும் என்று அவளே அவன் காதுபட யாரிடமோ சொல்லியிருக்கிறாள். விலகாமல் இருக்க வேண்டுமானால், வண்டி நெருங்கும்வரை பக்கத்தில் குனிந்து குச்சியால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் இரட்டைப் பாதை. கரண்ட் வண்டி வேறு, பக்கத்தில் வரும்வரை சத்தமே கேட்காது.

வியாழக்கிழமை கிளாட்சன் சிரித்துக்கொண்டே வந்தான். சட்டைக் கை முழங்கைவரை கிழிந்திருந்தது. காசை லென்ஸுக்கு அடியில் அவனே வைத்தான்.

காசு விலகவில்லை.

வண்டிக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆகாது என்றால் நாளைக்கும் போவான். அத்தனை வருடப் பெயரையும் தூக்கிப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காசைப் பற்றிப் பொய் சொன்னாள்.

"நெசமான பிழைதான் தம்பி. நானே எடுத்துக்கறேன்." கல்லாவில் இருந்ததை அப்படியே அள்ளி அவன் கையில் திணித்தாள். இனிப் போகமாட்டான் என்று மூச்சு விட்டாள்.

"இதே மாதிரி இன்னும் நாலு இருக்கு அண்ணி. இப்பவே எடுத்தாரேன்."

அந்த நாலும் இன்னும் எங்கேயும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"வேணாம் தம்பி. நான் பொய் சொன்னேன். அது நசுங்கின காசுதான். போகாத."

கிளாட்சன் வாசலில் நின்று திரும்பினான். "மொதல்ல சொன்னதுதான் நெசம். காசு விஷயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும் அண்ணி."

அவன் நிலையத்துப் பக்கம் நடந்தான். அருள்மேரி கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். லெவல் கிராசிங்கில் கேட் இறங்கிக்கொண்டிருந்தது.