டியூப்லைட்டும் மகளின் விரல்களும்

என் வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார். பழைய டியூப்லைட் கண்ணில் பட்டால் முகம் சுருங்கிவிடும். நமக்கு அது நின்று எரிவதாகத் தெரியும்; உண்மையில் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். கேமராவில் முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடும். "பட்டை ஓடுது, அணைங்க" என்று பெண்ணைப் பெற்றவரையே அதட்டுவார். தொழிலில் புலி. வீட்டிலோ, பிறவியிலேயே காது கேட்காத எங்கள் மகள் கையால் பேசினால், "என்ன சொல்றா?" என்று என் பக்கம் திரும்புவார். இத்தனை வருஷமாக நான்தான் இருவருக்கும் நடுவில் தபால்காரி.

அன்று காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்கு, உதவி ஆசிரியை வேலைக்காக, அவள் வீடியோ அனுப்பியாக வேண்டும். தன்னைப் பற்றிச் சைகையில், வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். மாலை ஆறோடு கெடு முடிகிறது. அவள் ஏங்கிக் கிடந்த வேலை. இந்த மனுஷனோ நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, கடைசி நாளில் தன் விளக்குகளையெல்லாம் கூட்டாளியிடம் ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டு வந்து நின்றார். வெளியே மழை, இருட்டு. கூடத்தில் இருந்தது ஒரே டியூப்லைட். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் எடுத்ததில் பட்டை ஓடியது. ஷட்டரின் வேகத்தைக் குறைத்து மறுபடி எடுத்தார்.

"பாரு, பட்டை போயே போச்சு!"

மகள் திரையைப் பார்த்தாள். முகம் தெளிவாக இருந்தது. விரல்களைத்தான் காணோம், வேகமாக அசைந்த கைகள் பிசைந்த மாவாகக் குழம்பியிருந்தன. அவளுக்குப் பேச்சே விரலில்தான்.

"அப்ப மெதுவா பேசச் சொல்லு."

சொன்னேன். அவள் கண் சிவந்தது, கை பறந்தது.

"என்ன சொல்றா?"

"மெதுவா பேசறது உங்ககிட்ட மட்டும்தானாம். அங்க அப்படிப் பேசினா பேசவே தெரியாதவன்னு நினைப்பாங்களாம்."

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் பட்டை, குறைத்தால் மாவு. மணி ஐந்தரை ஆகியிருந்தது. மகள் நகத்தைக் கடித்தபடி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

திடீரென்று குடைகூட எடுக்காமல் வெளியே ஓடினார். எதிர்வீட்டு வேன் டிரைவரின் கதவைத் தட்டுவது கேட்டது.

"அண்ணே, வண்டியை எங்க வாசலைப் பாத்து நிறுத்தி ஹெட்லைட்டைப் போடுங்க!"

"என்னப்பா, யாருக்கு என்ன ஆச்சு?"

"பேட்டரி விளக்குண்ணே, துடிக்காது. அப்புறம் சொல்றேன், வாங்கண்ணே!"

டியூப்லைட்டை அணைத்தோம். திறந்த கதவு வழியாக வேனின் வெளிச்சம் கூடத்துக்குள் பாய்ந்தது. மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசத் தொடங்கினாள். அவளுடைய முழு வேகத்தை அவர் அதுவரை கவனித்ததே இல்லை. வாயைத் திறந்தபடி நின்றார். நடுவில் ஒருமுறை அவள் அவரையே சுட்டிக்காட்டிப் பேசினாள்.

பட்டை இல்லை, ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. அனுப்பும்போது இணையம் நின்று நின்று உயிரை வாங்கியது. போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தபோது ஆறாக மூச்சுவிடும் நேரம்தான் பாக்கி.

"நடுவுல என்னைக் காட்டினாளே, என்ன சொன்னா?"

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட அப்பாக்களுக்கும் நான் கத்துக்கொடுப்பேன், எங்க வீட்லயே ஒருத்தர் இருக்கார், பொறந்ததுலேருந்து என்னைப் படம் பிடிக்கிறார், நான் பேசறதுதான் அவருக்குப் புரியாதுன்னு சொன்னா."

அவர் கேமராவை மூடினார். வேன் போய்விட்டது, நான் டியூப்லைட்டைப் போட்டேன். அவர் மகளின் எதிரே உட்கார்ந்து, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சைகையைக் காட்டினார்: சாப்பிட்டாயா? அவள் பதில் சொன்னாள், வேகத்தைக் குறைக்காமல். அவருக்குப் புரியவில்லை. வழக்கம்போல் என் பக்கம் திரும்பப் போன தலை பாதியில் நின்றது. அவளையே பார்த்து, மறுபடி சொல் என்று கையால் கேட்டார்.