மதிலுக்கு உடைத்த கல்

பருத்தித்துறையில் என் வீட்டு வளவைக் கடல் வருடந்தோறும் அரித்தது. பக்கத்து வளவுச் சூசை அண்ணைக்கோ மணல் சேர்ந்துகொண்டே வந்தது. பொறாமை தாங்காமல், அவர்தான் அலையை என் பக்கம் திருப்புகிறார் என்று கிராம சேவையாளரிடம் முறையிட்டேன். புவியியல் ஆசிரியர் நான் சொன்னால் நம்புவார்கள் அல்லவா?

மறுநாள் கடல் வற்றிய நேரம், அண்ணை என்னைத் தண்ணீருக்குள் கூட்டிப்போனார். அவர் வளவுக்கு நேரே சுண்ணக்கற்பாறை முழுதாகக் கிடந்தது. என் வளவுக்கு நேரே பெரிய இடைவெளி.

“அலையை மறிக்கிறது இந்தப் பாறைதான், மாஸ்டர். என்ரை மதிலைவிட உயரமாக் கட்டவெண்டு நீங்கள் கல் உடைச்ச இடம் உது.”

வகுப்பில் நான் வருடந்தோறும் கரும்பலகையில் வரையும் படம்தான் அது.

“ஓம்,” என்றேன்.

“மதில் எப்பிடியும் விழத்தான் போகுது. கழட்டிக் கல்லைத் திரும்ப இஞ்சை போடுவம். நானும் தூக்கிறன்.”

அதுவரை அவருடைய மணல்மீதுதான் பொறாமைப்பட்டேன். இப்போது அவருடைய குணத்தின்மீது. இதற்குத்தான் மருந்து தெரியவில்லை.