படத்தில் வந்த சித்தப்பா

கிதாருக்குச் சுருதி சேர்க்கும்போது சித்தப்பா காதை நம்பமாட்டார். கம்பியை மீட்டிவிட்டுத் தாடையை மரத்தில் அழுத்திக்கொள்வார். கண்ணை மூடுவார். திருகைக் கால்வாசி திருப்புவார், மறுபடியும் தாடை. பல்வலிக்காரர் தலையணையைத் தேடுவதுபோல் இருக்கும். வாத்தியக் கடையில் எதிரே உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதினெட்டு வருடம் ஒரு பெரிய பாடகரின் கிதார்களுக்குச் சுருதி சேர்த்தவர் அவர்தான். பாடகர் இறந்து ஏழு வருடம் கழித்து, அவரையும் அவருடைய மேனேஜரையும் பற்றிப் படம் எடுக்க வந்தார்கள். பாடகர் எந்தச் சட்டை போடுவது, யாரோடு பேசுவது, எப்போது தூங்குவது எல்லாவற்றிலும் அந்த மேனேஜர் வைத்ததுதான் சட்டம். படக்குழுவினர் மூன்று நாள் உட்கார்ந்து, சித்தப்பா பேசியதைப் பதிவு செய்துகொண்டு போனார்கள்.

“கடைசிக் கச்சேரியை ஒழுங்கா காட்டிட்டாங்கன்னா போதும்டா” என்றார் என்னிடம்.

அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். காய்ச்சலில் கொதித்த பாடகர் வீட்டுக்குப் போகிறேன் என்றார். மேனேஜர் அவரை ஒப்பனை அறையில் வைத்துப் பூட்டினார். அரங்கம் நிரம்பியதும் திறந்து மேடைக்குத் தள்ளினார். பாதிப் பாட்டில் விழுந்தவர் எழவே இல்லை. இது ஊருக்குத் தெரிய வேண்டும், முக்கியமாகப் பாடகரின் மகளுக்கு என்பார் சித்தப்பா. அப்பாவின் கிதாரை மாதம் ஒரு தடவை கடைக்குக் கொண்டுவருவாள். சித்தப்பாவை வாய் நிறைய ‘அங்கிள்’ என்பாள்.

படம் வந்ததும் சித்தி, சித்தப்பா, நான் மூவரும் பகல் காட்சிக்குப் போனோம். கடைசிக் கச்சேரி வந்தது. ஒப்பனை அறைக்கு வெளியே கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கிதாரில் தாடையை அழுத்தியபடி இருந்தார். மேனேஜர் கண்ணைக் காட்டினார். சட்டைக்காரர் எழுந்து கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அடப்பாவி, கூடவே இருந்து குழி பறிச்சிட்டானே!” என்றது பின்வரிசை.

“எழுந்து போயிடலாமாங்க?” என்றாள் சித்தி.

“உக்காரு. முடியட்டும்.”

மறுநாள் கடைக்கு வந்த டிரம்ஸ்காரர் வாசலிலேயே ஆரம்பித்தார். “என்ன பூட்டு மாஸ்டர், கடை மட்டும் திறந்திருக்கு?”

“மேனேஜர் மிரட்டிக் கதையை மாத்திட்டான்யா” என்றார் சித்தப்பா.

கேஸ் போடலாம் என்றேன். “போடலாம், போடலாம்” என்றவர் போடவே இல்லை.

அந்த வாரமே மகள் வந்தாள். உட்காரவில்லை.

“படத்துல வர்றது பொய்தானே அங்கிள்?”

“பொய்தாம்மா.”

“நீங்க சொன்னா சரி” என்று போய்விட்டாள். பிறகு அந்தக் கிதார் வரவில்லை. சித்தப்பா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மூன்று மாதம் கழித்து, படத்தில் உதவி இயக்குநராக இருந்தவர் கம்பி வாங்க வந்தார். சித்தப்பா சாப்பிடப் போயிருந்தார். யாரிடமும் குரல் உயர்த்தாத நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மனுஷனை இப்படியா அசிங்கப்படுத்துவீர்கள் என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை.

“தம்பி, அதைச் சொன்னதே அவர்தான். மூணாவது நாள், அழுதுக்கிட்டே. மேனேஜர் சொன்னாரு, நான் பூட்டினேன், உள்ளேருந்து என் பேரைச் சொல்லித் தட்டிக்கிட்டே இருந்தாருன்னு. படத்துல பேரை மட்டும் போட்டுடாதீங்கன்னாரு. நாங்க போடலையே.”